குறையில்லாத வீடு

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா உள்ளே காலெடுத்து வைத்ததும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. உதவித்தொகை கேட்டு அலுவலகத்துக்கு போன் போட்டவள் இந்த வீட்டுச் சிறுமியின் அம்மாதான். ஆனால் வீடு மோசமாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, அவள் காலையிலிருந்து தெரு முழுக்க இரவல் வாங்கியிருக்கிறாள். மெத்தை எதிர்வீட்டுடையது, அடுப்பில் கொதிப்பது மாடிவீட்டு அக்கா கொடுத்தது. இரவல் வாங்காதது ஜன்னல் வெளிச்சம் ஒன்றுதான். அதுவும் விருந்தாளிபோல மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரியம்மா பாத்திரத்தைத் திறக்கிறார், ஆவி அவர் கண்ணாடியில் படிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கவுனுக்குள் நெளிந்தபடி சிறுமி நிற்கிறாள். "சாப்பிட்டியா செல்லம்?" "ரெண்டு தடவ சாப்பிட்டேன்னு சொல்லணும்," என்கிறாள் சிறுமி. அம்மா அவசரமாகச் சிரிக்கிறாள். "வாலு, மேடம். எப்பப் பாத்தாலும் விளையாட்டுதான்." அதிகாரியம்மாவும் சிரிக்கிறார். "எங்க வீடுகூட இவ்ளோ சுத்தமா இருக்காதும்மா." "பிள்ளைய நல்லா வச்சிருக்கேன்ல மேடம்?" "ரொம்ப நல்லா. அதான் உங்களுக்கு உதவி தேவைப்படாதுன்னு எழுதப்போறேன். நிஜமாவே கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, இல்லையா?" குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. உண்மையைச் சொன்னால் பிள்ளை போகும், சொல்லாவிட்டால் பணம் போகும். அம்மா மகளைத் தூக்கி இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டு, "ஆமா மேடம்," என்கிறாள், "பாவம் அவங்க."