அய்யா பேரையும் போடுங்க

"ஜெயிக்கிற கோலை நீங்கதான் போட்டீகளாமே தம்பி? கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

உசிலம்பட்டிக் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நல்லகாமனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கப்பலை விட்டு இறங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. பம்பாய்த் துறைமுகத்தில் பத்திரிகைக்காரர்கள் இப்படித்தான் நோட்டும் பென்சிலுமாக வந்து மொய்த்தார்கள். ஊருக்குப் போக மாட்டு வண்டி பார்த்துக் காத்திருந்த இடத்தில், இங்கேயும் ஒருவர் தேடி வந்து கேட்பார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. வெள்ளை வேட்டி சட்டையில் இருந்த அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். அவனுக்கும் சேர்த்துக் காப்பி சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அதை ஏண்ணே கேக்குறீக! சீமையில தரையெல்லாம் புல்லு. மழை வேற. பட்டாளத்துக் கட்டாந்தரையில ஹாக்கி ஆடிப் பழகுன காலு வழுக்கிக்கிட்டே போகுது. ரெண்டுக்கு ரெண்டுன்னு நிக்குது ஆட்டம். முடிய அஞ்சு நிமிசம். பூட்ஸைக் கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட ஓடுனேன். குளிர்ல வெரலு இருக்கா இல்லையான்னே தெரியல. பந்து மட்டும் மட்டையோட வந்துச்சு."

"அடேங்கப்பா! அப்புறம்?"

"அப்புறமென்ன, கோலுதான்!"

சிரித்தவன் கொஞ்சம் அடங்கினான்.

"ஜெயிச்சதும் கொடி ஏத்துனாக. வெள்ளைக்காரன் கொடிதாண்ணே. பதினோரு பேரும் நிமுந்து நின்னு சலாம் வச்சோம். எனக்கு அழுகை வந்திருச்சு. எங்கய்யா நெனப்பு."

பெற்ற அய்யா முத்திருளனுக்கு ரெண்டு குறுக்கம் புஞ்சையும் ஒரு ஜோடி மாடும்தான் உலகம். பந்தைக் கம்பால் அடிக்க எதற்குக் கப்பலேற வேண்டும் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரின் ஆண்கள் பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரிக்குப் போய், பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும்; நோயில் படுத்தவனுக்கு மட்டும்தான் விலக்கு. வெள்ளைக்காரன் சட்டம் அது. திருடியவன், திருடாதவன் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த ஊரில் பிறந்தாலே போதும். நல்லகாமன் பட்டாளத்தில் சேர்ந்து தப்பித்துக்கொண்டான். முத்திருளன் முப்பது வயதில் வைக்கத் தொடங்கிய ரேகையை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜெயித்து வாங்கிய மெடலை அவர் கழுத்தில் போட வேண்டும். அந்தக் கச்சேரி வாசல் வழியாகவே அவரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். கப்பலில் வந்த மூன்று வாரமும் நல்லகாமனுக்கு இதே நினைப்புத்தான்.

"எங்கய்யா பேரையும் போடுங்கண்ணே. எம் பேரு சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

"போடாம? முத்திருளன்தானே?"

"அய்யாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன! நீங்க கப்பலுக்குக் கெளம்பையில வழியனுப்ப வந்தாராக்கும்?"

"வந்தாராவா!" நல்லகாமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "ஊருலருந்து மதுரை டேசன் வரைக்கும் கூடவே வந்தாருண்ணே. தகரப்பெட்டிய என்னையத் தூக்க விடல. ரயிலு விடியக்காலம்தான். ராத்திரி முழுக்க என் தலையை மடியில வச்சுக்கிட்டு, பிளாட்பாரத்துல முழிச்சே கிடந்தாரு. இம்புட்டுப் பாசத்தை எங்கதான் வச்சிருந்தாரோ மனுசன்!"

"தேதி ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஆனி எட்டு."

"ஆனி எட்டு... ராத்திரி முழுக்க..." அந்த மனிதர் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

இவ்வளவு அக்கறையாகத் தன் அய்யாவைப் பற்றி யாரும் எழுதி நல்லகாமன் பார்த்ததில்லை. அந்த ராத்திரி அவனுக்கும் பயம்தான். வெளியூரில் தங்குவதென்றால் கச்சேரியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். "சீட்டு வாங்கினீகளா அய்யா?" என்று இரண்டு தரம் கேட்டான். "எல்லாம் வாங்கியாச்சு, நீ தூங்குப்பா" என்று தலையைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவன் தூங்கினான்.

மனிதர் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை. அய்யாவின் பெயர் வந்த இடத்தில் நல்லகாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரியா இருக்கா? அப்படின்னா இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

சீமையில் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து நோட்டை நீட்டியபோது போட்டுக் கொடுத்த அதே கையெழுத்தை, அதே போலச் சாய்த்து, அழகாகப் போட்டான்.

"எந்தப் பத்திரிகைண்ணே? எப்ப வரும்? அய்யாவுக்கு நானே வாசிச்சுக் காட்டணும்."

மனிதர் நோட்டை மூடினார். அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நின்றார்.

"பத்திரிகை இல்ல தம்பி, நான் கச்சேரி ஏட்டு. சீட்டில்லாம வெளிய தங்குனாருன்னு உங்கய்யா மேல கேசு. அன்னிக்கு ராத்திரி காய்ச்சல்ல வீட்டுலதான் கிடந்தேன்னு அவரு சாதிக்கிறாரு, ஊரே ஆமாங்குது. நாளைக்குக் கோர்ட்டுல விட்டிருப்பாக... சாட்சி ஒண்ணுதான் எங்களுக்கு இல்லாம இருந்துச்சு."