டப்பாவுக்குள் ஒரு உத்தியோகம்

“முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க தம்பி. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல” என்றார் பெண்ணின் அப்பா. அவன் வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவன் சாப்பாட்டு மேஜைமேல் ஒயர்களைச் சொருகினான். நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் சர்க்யூட் நோண்டுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். இரங்கி வந்தது பெண்ணின் அம்மாதான். கணவருடைய பழைய கைக்கம்ப்யூட்டரைக் கொடுத்து, உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுத்தால் அவரைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு என்றாள்.

பாட்டரி கசிந்து கம்ப்யூட்டர் எப்போதோ செத்திருந்தது. பொத்தான்களில் ஒன்றே ஒன்று மட்டும் எழுத்தழிந்து வழவழவென்றிருந்தது. மற்றவை கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருந்தன. அவனுக்கு வேண்டியது பின்னால் சொருகியிருந்த மெமரி டப்பா, தீப்பெட்டி அளவுதான். அதைப் படிக்க, மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிச் சிப்புக்கு அவனே புரோகிராம் எழுதியிருந்தான். பழைய சாமான் கடையில் கிடைத்த வேறொரு டப்பாவை வைத்துச் சோதித்தபோது, யாரோ ஒரு பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுகள் மொத்தமும் வந்து கொட்டின.

“இவரோட ஆபீஸ் வேலை பூரா இதுக்குள்ளதான்” என்று டீயை வைத்தாள் பெண்ணின் அம்மா. “எங்கண்ணன் பேச உக்காந்தா லேசுல எழுந்திருக்க மாட்டார். அவர்கூட, இவர் இதைத் திறந்து தட்ட ஆரம்பிச்சா வாயை மூடிக்குவார். அவ்ளோ வேலை இவருக்கு.” பெருமை தாங்காமல் சமையலறைக்குப் போனாள்.

“பழசு தம்பி. எல்லாம் அழிஞ்சு போயிருக்கும்” என்றார் அப்பா.

அவன் புரோகிராமை ஓட்டினான். லேப்டாப் திரை முழுக்க FF, FF, FF. எதுவும் எழுதாத இடம் அப்படித்தான் வரும். ஒயர்களை அழுத்திவிட்டு மறுபடி ஓட்டினான். அதே FF. கையோடு கொண்டுவந்திருந்த பழைய சாமான் கடை டப்பாவை மாட்டிப் பார்த்தான். பல் டாக்டர் ஒழுங்காக வந்தார்.

ஆக, புரோகிராமில் தப்பில்லை. இந்த வகை டப்பாவில் எழுதியதை அழித்தாலும் தடம் நிற்கும். இதில் தடமே இல்லை.

“சார், இதுல யாரும் எதுவும் எழுதவே இல்லையே” என்றான்.

“என்னப்பா, வந்துடுச்சா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே காலடிச் சத்தமும்.

பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனை ஒட்டி உட்கார்ந்தார். லேப்டாப்பை மெல்ல மூடினார். முதல் தடவையாக அவன் தோளில் கை வைத்தார்.

“முடியலன்னு சொல்லிடுங்க, மாப்ள.”