புதைக்காத நெட்டையன்

தினமும் சாப்பாட்டு நேரத்தில், கட்டடத்தின் சாரத்தடியில் உட்கார்ந்து, கொத்தனாரும் அவர் மைத்துனனும் கைப்பேசியில் கோட்டை கட்டி விளையாடினார்கள். கோட்டை வீரர்களுக்குக் கூட்டாளிகளின் பட்டப்பெயர்களையே வைத்திருந்தார்கள். போன மாதம் சாரத்திலிருந்து விழுந்து செத்த நெட்டையனின் பெயரில் இருந்த வீரனும் நேற்றைய சண்டையில் செத்தான். அவனைப் புதைக்கக் கொத்தனாருக்கு மனம் வரவில்லை. அந்த விளையாட்டில் புதைக்காத பிணம் எழுந்து வரும்.

இன்று பிணப்படைக்கு முன்னால் அவன்தான் வந்தான்.

“விருந்தாளியா வந்திருக்கான்? வெட்டுங்க மச்சான், கோட்டையே போயிடும்!”

“நெட்டையன்டா அது. எந்தக் கையால வெட்டச் சொல்ற?”

கொத்தனார் கோட்டைக் கதவைத் திறந்து அவனை மட்டும் உள்ளே விட்டார். அவன் யாரையும் தொடவில்லை. இடிந்த மதிலில் கல் வைத்து, கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி அடைத்தான். படை வெளியே நின்றுவிட்டது.

“போன் சத்தத்தைக் குறைங்க மச்சான், காது வலிக்குது.”

“நான் சத்தமே வைக்கலையேடா.”

தலைக்கு மேலே, ஆளில்லாத சாரத்தில், அடுத்த கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது.