வாசலில் மூன்று சோடி

“இண்டைக்கு மட்டும் வந்த சனத்தின்ர செருப்பில கை வைச்சியெண்டால், பிறகு என்னை அம்மா எண்டு கூப்பிடாதை.”

இரஞ்சிதம் குசினிக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வெளி விறாந்தையில் மாப்பிள்ளை வீட்டார் மல்லாவியிலிருந்து வந்து அப்போதுதான் கதிரைகளில் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மதுசன், அவனுடைய தாய், தகப்பன் யோகலிங்கம். மூன்று பேர், மூன்று சோடிச் செருப்பு.

“நான் ஒண்டிலயும் கை வைக்கமாட்டன் அம்மா,” என்றாள் சிவரூபி.

“போன வருசமும் உப்பிடித்தான் சொன்னனி. உன்னைப் பொம்பிளை பாக்க வவுனியாவில இருந்து வந்த மனிசியின்ர செருப்பைக் கிணத்தடிக்குக் கொண்டுபோய்த் தேய்ச்சுக் கழுவி வெயில்ல வைச்சனி. அவா ஈரச் செருப்போட போனவாதான். பிறகு ஒரு கதையும் இல்லை.”

“அதில கோழிப்பீ இருந்ததம்மா.”

“இருக்கட்டுமன். அவவின்ர செருப்பு, அவவின்ர கோழிப்பீ.”

சிவரூபிக்கு இந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. கதவைப் பூட்டினால் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். காஸை மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகும், உண்மையாகவே பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்று குழம்புவாள். எல்லாவற்றிலும் மோசம் செருப்பு. அது கோணலாகக் கிடந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

“எங்கட பரம்பரையில இல்லாத வருத்தம். உனக்கு ஆரிட்டை இருந்துதான் தொத்திச்சோ,” என்று தாய் கேட்காத நாளில்லை.

வயது முப்பதைத் தொட்டுவிட்டது. அதைவிட, மதுசனோடு இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்ததில் அவனுடைய சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இந்தச் சம்பந்தம் செருப்பால் போய்விடக்கூடாது என்று அவளே நேர்ந்துகொண்டிருந்தாள்.

தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்தபோது கண் தன்பாட்டில் வாசற்படிக்குப் போனது. செருப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. யோகலிங்கத்தினுடையது ஒன்று குப்புறக் கிடந்தது. அவள் தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“படலையைச் சாத்திப்போட்டு வாறன், மாடு உள்ள வந்திடும்,” என்று இரஞ்சிதம் வெளியே போனாள். சிவரூபி இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு குசினியிலேயே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பலகாரம் கொண்டுபோனவளுக்குத் திக்கென்றது. செருப்புகள் சோடி சோடியாக, மூக்கு வீதியைப் பார்த்தபடி, ஒரே வரிசையில் இருந்தன.

பின்னாலேயே வந்த தாய் குசினிக்குள் அவளுடைய கையில் கிள்ளினாள்.

“ஏனடி தொட்டனி?”

“நான் தொடேல்லை அம்மா.”

“அப்ப அதுகள் தங்கட பாட்டில எழும்பி அணிவகுத்து நிண்டதோ?”

சிவரூபி தன் விரல்களை மணந்து பார்த்தாள். சவர்க்கார வாசம்தான் வந்தது. ஆனால் அவள் கையில் எப்போதும் சவர்க்கார வாசம்தானே. ஒருவேளை பலகாரம் எடுக்க முன்னம் போய் அடுக்கிவிட்டு வந்தேனோ? நினைத்துப் பார்க்கப் பார்க்க, போனது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது.

ஒரு வழிதான் இருந்தது. கறிவேப்பிலை பிடுங்கப் போகிறவள் போலப் படியிறங்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் செருப்புகளைக் காலால் தட்டிக் கலைத்தாள். உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. திரும்பியும் பார்க்காமல் பின்பக்கத்தால் குசினிக்கு வந்து சேர்ந்தாள்.

“பக்கத்து வீட்டில வெத்திலை வாங்கியாறன். அசையாமல் நில்,” என்றாள் தாய்.

அவள் அசையவே இல்லை. ஆனால் தாய் வந்த பிறகு எட்டிப் பார்த்தால், செருப்புகள் பழையபடி வரிசையில் நின்றன. படிக்குக் கிட்ட இருந்தவன் மதுசன் மட்டும்தான்.

பொம்பிளையும் மாப்பிள்ளையும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று இருவரையும் மாமரத்தடிக்கு அனுப்பினார்கள். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“நீங்களே செருப்புகளை நேராக்கினது?”

“நானோ?” மதுசன் சிரித்தான். “என்ர அறைக்குள்ள ஒரு சப்பாத்து எத்தினையோ மாசமாத் தனியத் திரியுது. சோடியைக் காணேல்லை.”

அவளுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விட்டது. அப்படியென்றால் தன் கைதான் தனக்குத் தெரியாமல் செய்திருக்கிறது.

“அப்ப நான்தான்,” என்றாள். “எனக்குச் செருப்பு கோணலாக் கிடந்தால் ஏலாது. இண்டைக்கு அடுக்கினனானோ இல்லையோ எண்டே தெரியேல்லை. பிறகு தெரிஞ்சு கோவிக்காதேங்கோ, இப்பவே சொல்லிப்போட்டன்.”

“அப்ப என்ர மற்றச் சப்பாத்தைக் கண்டுபிடிச்சுத் தருவியள்,” என்றான் மதுசன். “ஆனா இண்டைக்கு அடுக்கினது நீங்கள் இல்லை. அது உங்கட...”

“தம்பி, வெளிக்கிடுவம்,” என்று விறாந்தையிலிருந்து அவனுடைய தாய் கூப்பிட்டாள்.

வெறுங்கோப்பைத் தட்டத்தோடு நின்ற இரஞ்சிதத்தின் கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஒண்டு சொல்லட்டே தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. படலைக்குப் போகேக்கயும், வெத்திலைக்குப் போகேக்கயும் நீங்கள் குனிஞ்சு எங்கட செருப்புகளை அடுக்கினதைப் பாத்து, இது பிள்ளைக்கும் இருக்குமோ எண்டு பயந்துபோனன். அவா காலால தட்டிவிட்டதைக் கண்ட பிறகுதான் மனம் ஆறிச்சு.”

“நானோ?” என்று இரஞ்சிதம் ஒன்றும் விளங்காமல் கேட்டாள், அவளுடைய விரல்கள் மட்டும் தட்டத்திலிருந்த கோப்பைகளின் பிடிகளை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன.