பின்சீட்டுக்காரன்

அன்னிக்கு நான் பேக்கரிக்காரனைத் திட்டினது நியாயமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

நான் பஸ் ஓட்டுறவன். பின்னாடி தூங்கி வழியுறவங்களை ஏத்திக்கிட்டுப் போறது எனக்குப் புதுசு இல்ல. ஆனா அவங்க டிக்கெட் வாங்கிட்டுத் தூங்குறாங்க. இவன் என் கூடப் படிச்சவன், என் கஷ்டம் அத்தனையும் தெரிஞ்சவன்.

நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுல இருந்து என் கயாக், அதான் துடுப்பு போடுற ஒடுக்கமான சின்னப் படகு, வீட்டுச் சுவரோரம் கவுந்தே கிடந்துச்சு. மெதுவா ஆரம்பிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். வீட்டுக்காரிதான் மசியல. கெஞ்சிக் கூத்தாடினப்புறம் ஒரு கண்டிஷன் போட்டா. ஒரே ஒரு தடவை மீன் பிடிக்கப் போயிட்டு வரலாம். சொந்த பலத்துல திரும்பி வந்தா படகு இருக்கட்டும். யாராவது இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி ஆச்சுன்னா மறுநாளே வித்துடணும்.

அந்தப் படகும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு? சோபாவும் மாத்திரை டப்பாவும்தான்.

அது ரெண்டு பேர் உட்கார்ற கயாக். நான் முன்னாடி, பேக்கரிக்காரன் பின்னாடி. எங்க இன்னொரு கூட்டாளி எலக்ட்ரீசியன் மட்டும் தன்னோட சின்னக் கயாக்குல தனியா வந்தான். ஆறு கடல்ல கலக்குற இடம் வரைக்கும் போய்த் தூண்டில் போட்டுட்டு, கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறுறப்போ அதோடவே திரும்பிடணும். தண்ணி இறங்க ஆரம்பிச்சுட்டா ஆறே கடலைப் பார்த்து ஓடும், எதிர்த்து வர்றது லேசு இல்ல.

படகுல கால் வைக்கும்போதே பேக்கரிக்காரன் ஆரம்பிச்சுட்டான். மாவு பிசைஞ்சு பிசைஞ்சு மணிக்கட்டு கழண்டு போச்சாம், நான்தான் துடுப்பு போடணுமாம், ஐயா முடிஞ்சா கை கொடுப்பாராம். அதையும் வழியனுப்ப வந்திருந்த என் வீட்டுக்காரி காதுபடச் சத்தமா சொல்றான். எனக்குச் சுருக்குன்னுச்சு.

அங்கே போனா மீன் நல்லாவே கடிச்சுது. நான் ஒரு கொடுவாவைத் தூக்கினேன். இன்னும் ஒண்ணு பிடிக்கணும்னு கை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. பேக்கரிக்காரன் கிளம்பலாம் கிளம்பலாம்னு பின்னாடி இருந்து நச்சரிச்சான். துடுப்பு போடப் போறது நான், உனக்கு என்னடா அவசரம்னு வாயை அடைச்சேன். தண்ணி திரும்பிடுச்சுன்னு எலக்ட்ரீசியன் கத்தினப்போதான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு கடலுக்கு இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு.

வேற வழி? மாங்கு மாங்குன்னு போட்டேன். பஸ்ஸுல தலைக்கு மேல கண்ணாடி இருக்கும், பின்னாடி எவன் என்ன பண்றான்னு தெரியும். இதுல அது கிடையாது. திரும்பினா படகு ஆடும். ஆனா காது கேக்குது இல்ல? நான் மூச்சு வாங்குறேன், அவன் பின்னாடி தொண்டை கிழியப் பாடிக்கிட்டு வர்றான். எனக்கு எப்படி இருக்கும்? கொஞ்ச நேரத்துல அந்தப் பாட்டும் நின்னுபோச்சு. சரி, தூங்கிட்டான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

பாலத்துக்குக் கீழ வந்தப்போ கை ஓஞ்சுபோச்சு. துடுப்பை மடியில வெச்சுட்டுக் கண்ணை மூடினேன். அப்பவும் படகு நிக்கல, முன்னாடி போய்க்கிட்டே இருந்துச்சு. அதுவரைக்கும் நான் போட்ட போடு அப்படின்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. தெம்பு வந்து மறுபடியும் போட்டேன்.

வளைவு திரும்பினதும் கரையில வீட்டுக்காரி துண்டோட நிக்கிறது தெரிஞ்சுது. அவளும் கண்ணால பார்த்துட்டா. நான் வேர்த்து விறுவிறுத்துத் துடுப்பு போடுறேன், பின்னாடி பேக்கரிக்காரன் காலை நீட்டிச் சாய்ஞ்சு கிடக்கிறான். கரை தட்டினதும் நானும் திரும்பிப் பார்த்தேன், அப்பவும் அதே கிடைதான்.

கரையில இறங்கினதும் பிடிச்சுக்கிட்டேன் பாருங்க. ஆபரேஷன் பண்ணவன் தனியா இழுக்கிறேன், நீ எல்லாம் ஒரு மனுஷனான்னு அவள் முன்னாடியே கிழிச்சேன். அவன் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினான்.

"ஆமா தங்கச்சி, அவன்தான் என்னையும் சேர்த்துக் கொண்டு வந்தான். ஆளு பழையபடி ஆயிட்டான்"னு சொல்லிட்டு, முகம் கழுவக் குழாய்ப் பக்கம் நடந்துட்டான்.

என் வீட்டுக்காரி முகத்துல எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் ஒரு சிரிப்பு. படகை விக்க வேண்டாம்னு அவளே சொன்னா. ஆனா இனிமே அந்தச் சோம்பேறியைப் பின்னாடி ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டுக் கார் கதவைத் திறக்கப் போனா.

எலக்ட்ரீசியனும் நானும் படகைத் தூக்கினோம். அவன் முகம் கடுகடுன்னு இருந்துச்சு. "அவனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவனும் துடுப்பு போட்டான், நான் பின்னாடியே பார்த்துக்கிட்டு வந்தேன்"னான்.

எனக்கு இன்னும் கோபம் ஏறிடுச்சு. "அவன் போட்டானா? ரெண்டு பேர் போட்டா துடுப்பும் துடுப்பும் இடிக்கும்டா. வழி முழுக்க ஒரு தடவையாவது இடிச்சுதா?"

எலக்ட்ரீசியன் தன் பக்கத்தைக் கீழ வெச்சுட்டான்.

"உன் தோளை விட்டுக் கண்ணை எடுக்காம, நீ போடுறப்போ மட்டும் போட்டான். எப்படிடா இடிக்கும்? பாலத்துக்குக் கீழ நீ கண்ணை மூடி உட்கார்ந்தியே, தண்ணி கடலுக்கு ஓடுது, படகு கரைக்கு வருது. யாரு தள்ளினதுன்னு நினைச்ச?"