தொட்டுப்பார்க்கும் பலகை

பலகையின் மேல் தடித்த பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

பார்வையில்லாத குழந்தைகளின் மழலையர் பள்ளி அது. அவர்கள் தடவி விளையாடவென்றே நான் செய்து கொடுத்த பலகை. கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் மணி, பாத்திரம் தேய்க்கும் நார், வெல்வெட் துணி, உப்புத்தாள், உருட்டினால் சுற்றுகிற நூற்கண்டுக் கட்டைகள். பிஞ்சு விரலில் சிராய் ஏறக்கூடாதென்று ஒவ்வொரு விளிம்பையும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் பொருத்தினேன்.

திங்கட்கிழமை, மூன்று வயதுக் குழந்தைக்கும் எட்டுகிற உயரத்தில் நானே மாட்டிவிட்டுப் போனேன். இன்று வெள்ளி.

"அழுக்காயிடும்மா," என்றார் தலைமை ஆசிரியை. "அடுத்த வாரம் பெரியவங்கல்லாம் பார்க்க வர்றாங்க. அதுவரைக்கும் பளிச்சுன்னு இருக்கட்டுமே."

"பார்க்கவா? யாருக்கு மேடம் இது, பார்க்கிறவங்களுக்கா?"

மாட்டிய மறுநாளே போர்த்தினார்களாம். அன்றிலிருந்து இந்தக் குழந்தைகள் வழுவழுவென்ற பிளாஸ்டிக்கைத் தடவிவிட்டுப் போயிருக்கின்றன. அதற்குச் சுவரையே தடவச் சொல்லியிருக்கலாமே!

என் கைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று திருகாணிகளைக் கழற்றினேன். நாலாவது மக்கர் செய்தது. தாளைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்தேன். ஆயா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கடா செல்லங்களா, எல்லாம் உங்களுக்குத்தான்!"

ஐந்து குழந்தைகள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து மொய்த்துக்கொண்டன. ஒருவன் மணியை விடவேயில்லை. ஒருத்தி உப்புத்தாளில் உள்ளங்கையை வைத்து இழுத்து, கூசிச் சிரித்து, மறுபடியும் இழுத்தாள்.

ஆறாவது, என் மகள். இங்கே சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. பலகைக்கு ஓரடி தள்ளி, இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் அடங்கியிருந்த கோபம் குபீரென்று கிளம்பியது. ஒரே மாதத்தில் என் பிள்ளையை என்ன செய்து வைத்திருக்கிறார்கள்! தொட்டுத்தானே அவளுக்கு உலகமே தெரியவேண்டும்? அந்தக் கையைக் கட்டிப்போடப் பழக்கியிருக்கிறார்களே, இவர்கள் உருப்படுவார்களா?

"இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்க இவளுக்கு யார் கத்துக்கொடுத்தது?"

அறையே அதிரும்படி கத்திவிட்டேன். மணிச் சத்தம் நின்றுபோனது.

மகள் பலகைப் பக்கம் முகத்தை நீட்டி மோந்து பார்த்தாள். பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பி, கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் தொடலம்மா. பசை காஞ்சிடுச்சா?"

ஐந்து மாதம் இந்தப் பலகை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது. 'பசை இன்னும் காயல, தொடாதே' என்று ஒரு நாள்கூட அவளை அதன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. இரண்டு தடவை கையில் அடித்தும் இருக்கிறேன்.