கடைசிக் குழி

வினோதினி அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை, கணவன் ஞானசேகரும் கேட்கவில்லை. அவன் புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் பழைய ஸ்பிரிங்க்ளர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். மூலையில் தண்ணீர் எட்டாமல் புல் காய்கிறது என்று அவள் வெகுநாளாகச் சொல்லிவந்த வேலை. இன்றைக்குத்தான் செய்யத் தோன்றியிருக்கிறது.

கடைசிக் குழியில் ஸ்பிரிங்க்ளரின் மரை குழாயில் ஏறவில்லை. குப்புறப் படுத்து, முழங்கை வரை வலது கையை விட்டுக் குழாயைத் தடவினான். குளிர்ச்சியாக ஏதோ மணிக்கட்டைச் சுற்றியது. பிறகு மெல்ல இறுகியது.

"ஆட்டோ வந்துருச்சு. கெளம்பறேன்."

பெட்டியோடு வாசலில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது.

"பாம்பு," என்றான், உதடு மட்டும் அசைய. "கிட்ட வராத."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் வந்தாள். ஈர மண்ணில் உட்கார்ந்து அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதீங்க. அதுவா போயிரும். நான் இருக்கேன்."

தெருவில் ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை. வியர்வை அவன் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இமைக்கவும் பயந்து கிடந்தான். வெகுநேரம் கழித்துப் பாம்பின் பிடி தளர்ந்தது. நீண்ட உடல் முழுவதும் அவன் விரல்களைக் கடந்து வழுக்கி, குழாய்க்கு அடியில் மண்ணுக்குள் போனது.

"இன்னும் இருக்குதுங்களா?" என்று அவள் காதருகே கேட்டாள்.

மறுபடியும் ஹாரன்.

ஞானசேகர் கையை வெளியே எடுக்கவில்லை.

"இருக்கு," என்றான்.